சிப்காட் கேட்டில் ஒரு கேள்வி!

கடலூர் ஓ.டி.யைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் பஸ் கொஞ்ச தூரம் போனதுமே நம்ம மூக்கு சொல்லிடும்... சிப்காட் வந்தாச்சு! ரோட்டோரம் கெமிக்கல் கம்பெனிகளின் புகைபோக்கிகள், பின்னாடி உப்பனாறு. 1980-களில் உருவான தொழிற்பேட்டை இது. செமஸ்டர் லீவில் இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக, நானும் என் க்ளாஸ்மேட்டும் இங்கே ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்னோம்.

செக்யூரிட்டி அண்ணன் ரெஜிஸ்டரைப் பிரிச்சார். ‘‘ஃபாதர் நேம் சொல்லுப்பா?’’

‘‘எந்த ஃபாதர்ண்ணே? சர்ச் ஃபாதரா?’’ என்றான் அவன்.

நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கலை!

மூணு வருஷமா பக்கத்து பெஞ்ச். ஆனா, அன்னிக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில்தான் எனக்கு விஷயமே தெரியும். ரெண்டு வயசு இருக்கும்போது பஸ் ஸ்டாண்டில் தனியா நின்னவனை, ஒரு கத்தோலிக்க இல்லத்தில் சேர்த்திருக்காங்க. பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. ‘‘ஜூன் மாசம்னு போட்டுட்டாங்கடா. ஸ்கூல்ல சேர்க்க வசதியா இருக்கும்ல!’’ என்றவன், ‘‘அடுத்த மாசம் சிம்போசியத்துக்கு கொல்கத்தா போறேல்ல? அங்கே சிசு பவன்னு ஒண்ணு இருக்கு. எங்க சிஸ்டர் அதைப் பத்தி நிறைய சொல்வாங்க. பாத்துட்டு வாடா’’ என்றான்.

போனேன். ஹவுரா மெயிலில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து இடுப்பு கழன்றது தனிக் கதை! ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில் அன்னை தெரசாவின் கல்லறை இருக்கும் மதர் ஹவுஸ். அங்கிருந்து அதே ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால், சிசு பவன். வாசலில் பஸ், ஹாரன் என்று ஒரே இரைச்சல். உள்ளே போய் வேடிக்கை பார்க்க மனசு வரலை. அது குழந்தைகளோட வீடாச்சே! வாசலிலேயே நின்னேன்.

ஸ்கூல் டீச்சரா இருந்த தெரசா, 1948-ல் கான்வென்டை விட்டு சேரிக்குள் நடந்தார். 1950-ல் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபை, 1952-ல் சாகக் கிடப்பவர்களுக்காக நிர்மல் ஹிருதய், 1955-ல் குழந்தைகளுக்காக இந்த சிசு பவன். பெற்றவர்களை இழந்த குழந்தை, ரோட்டில் கிடந்த குழந்தை, ஆஸ்பத்திரியில் விட்டுட்டுப் போன குழந்தை... எல்லோருக்கும் கதவு திறந்தது. நிறைய குழந்தைகள் இங்கிருந்து தத்துப் போய் அப்பா, அம்மாவோடு வளர்ந்தாங்க.

2015-ல் தத்து விதிகள் மாறின. எல்லாமே மத்திய அரசின் ஆன்லைன் பதிவு வழியாகத்தான். கல்யாணம் ஆகாதவர்களும், விவாகரத்து ஆனவர்களும் தத்தெடுக்க அனுமதி உண்டு. இதை எங்க மனசாட்சி ஏற்கலைனு சொல்லி, இந்தியாவில் தத்துக் கொடுக்கிற வேலையையே சபை நிறுத்திடுச்சு. 2018-ல் இதே சபையின் ராஞ்சி இல்லத்தில் குழந்தையை விற்றதாகப் புகார் வந்து, ஒரு ஊழியரும் ஒரு சிஸ்டரும் கைதானார்கள். அன்பு இருக்கிற இடத்திலும் கணக்கு, வழக்கு கேட்க ஆள் வேணும்னு எனக்குத் தோணுச்சு.

ஊருக்குத் திரும்பி, அதே டீக்கடையில் அவனிடம் எல்லாத்தையும் கொட்டினேன். நம்ம ஊர்த் தொட்டில் பத்தியும் பேச்சு வந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ல் கடலூருக்கும் வந்தது. காரணம், அந்த வருஷ சென்சஸில் இந்த மாவட்டத்தில் ஆறு வயசு வரைக்கும் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை! தொட்டிலில் குழந்தையை விட்டுட்டுப் போறவங்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்... ‘‘உள்ளே வர்றப்ப யாரும் எதுவும் கேட்கலைடா. வெளியே போறப்பதான் எல்லாரும் கேட்கறாங்க.’’

18 வயசோடு இல்ல வாழ்க்கை முடியும். அதுக்கு மேல் பொதுவா 21 வரைக்கும் உதவி கிடைக்க சட்டத்தில் இடம் இருக்கு. அவனுக்கு இப்போ 20. சிப்காட்டில் வேலை தேடணும், அதுக்கு முன்னாடி தங்க ஒரு ரூம் வேணும். திருப்பாதிரிப்புலியூரில் பார்த்த மூணு வீட்டிலும் ஒரே வசனம்தான்: ‘‘அப்பா, அம்மாவைக் கூட்டிட்டு வா தம்பி, பேசலாம்.’’

சிசு பவன் மாதிரி ஒண்ணை ஆரம்பிக்க ஒரு தெரசா வேணும் பாஸ். ஆனா, ஹவுஸ் ஓனர் முன்னாடி போய் நிற்க, பக்கத்து பெஞ்ச்காரனோட அப்பா போதுமே!

வீட்டில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்க கூட வர்றார்.