எரியும் கொதிகலன், குளிரும் அறை

பிரிட்டனின் குளிர்காலத்தில் வீட்டின் கதகதப்பு ஆடம்பரம் அன்று, உயிர்த்தேவை. குளிர்ப்பருவத்தில் வீட்டினுள் 18 பாகை செல்சியசு வெப்பமேனும் இருத்தல் வேண்டும் என்றும், முதியோர்க்கு அதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 1740க்குப் பின் இங்கிலாந்து கண்ட மிகக் கொடிய குளிர் எனப் பதிவாகியுள்ள 1962-63 குளிர்காலத்தில், பெரும்பாலான இல்லங்களுக்குத் துணையாய் நின்றது நிலக்கரிக் கணப்பு ஒன்றே. குடும்பம் முழுதும் அதனைச் சூழ்ந்து அமர்ந்திருக்க, படுக்கையறைச் சன்னல்களின் உட்புறத்தில் பனி பூத்துக் கிடந்தது. பின்வந்த ஆண்டுகளில்தான் கொதிகலனும் ரேடியேட்டரும் எளியோர் இல்லங்களிலும் இடம்பிடித்தன.

அமைப்பு எளியதே. கொதிகலன் நீரைச் சூடாக்குகிறது. பம்பு அதனைக் குழாய்வழி உந்துகிறது. ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருள் நுழைந்து, வெப்பத்தை ஈந்து, ஆறிய நீர் மீண்டும் கொதிகலனையே அடைகிறது. ரேடியேட்டர் என்னும் பெயர் கதிர்வீசுவதைக் குறிப்பினும், அது அறையைச் சூடாக்குவது பெரிதும் தன்னைத் தொட்டு மேலெழும் காற்றின் வழியாகத்தான். பெயர் வைத்தவர் சற்றே அவசரப்பட்டுவிட்டார் போலும்!

இத்தகைய வீடொன்றில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கொதிகலன் இரைகிறது, படுக்கையறையோ குளிர்கிறது. அவர் தெர்மோஸ்டாட்டின் அளவை உயர்த்துகிறார். கூடம் வேகிறது, கட்டணம் ஏறுகிறது, படுக்கையறை மட்டும் அசையவில்லை. இறுதியில் அவ்வறையைப் பூட்டிவிட்டுச் சமையலறை நாற்காலியிலேயே உறங்கத் தலைப்படுகிறார். தீயில் குறையில்லை, நீரின் பாதையில்தான் குறை என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பாதை அடைபட்டிருக்கத் தீயைப் பெருக்கி என்ன பயன்?

பாதையின் குறையை அறியக் கருவி வேண்டா, கை போதும். கொதிகலன் ஓடும்போது ரேடியேட்டரைப் பதமாகத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அடிப்பகுதி சூடாகவும் மேற்பகுதி குளிராகவும் இருப்பின், உள்ளே காற்று தேங்கியுள்ளது. கொதிகலனை நிறுத்தி நீரை ஆறவிட்டு, மேல்மூலையில் உள்ள சிறு திருகைச் சாவியால் அரைச்சுற்றுத் திருப்பினால் காற்று சீறி வெளியேறும். நீர் கசியத் தொடங்கியதும் மூடிவிடலாம். கீழே துணி ஒன்றைப் பிடித்தல் நன்று. இத்துடன் வேலை முடிந்ததென்று பலர் எழுந்துவிடுகின்றனர். காற்று போன அளவுக்கு அழுத்தமும் குறைந்திருக்கும். மூடிய அமைப்பாயின், ஆறிய நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்டுமாறு நீரை நிரப்புதல் வேண்டும். இன்றேல் கொதிகலனே ஓட மறுத்து, ஓரறையின் குளிர் வீடு முழுதும் பரவிவிடும். வாரந்தோறும் வாயு சேருமாயின் அது வெளிக்காற்று அன்றி, இரும்பு அரிக்கப்படுவதால் பிறக்கும் ஐதரசனாகவும் இருக்கலாம்.

மேற்பகுதி சூடாகி, அடியும் நடுவும் குளிர்ந்திருப்பின் அது அவ்வரிப்பின் வேலைதான். காந்தம் கவரும் கருநிற இரும்பு ஆக்சைடு வண்டலாகப் படிந்துள்ளது. அதனைக் கழுவி நீக்கி, அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரில் சேர்ப்பர்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முற்றிலும் குளிர்ந்திருப்பின், அதன் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வை ஐயுறலாம். கோடை முழுதும் மூடிக் கிடந்ததால் உள்ளிருக்கும் சிறு ஊசி இறுகியிருக்கும். தலைப்பகுதியைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்தினால் அது மேலெழ வேண்டும். குறடால் பிடுங்குவது கூடாது, நீர் பீறிட்டுவிடும். எல்லா ரேடியேட்டர்களும் குளிர்ந்திருப்பின் பம்பையும், நீரைத் திசைதிருப்பும் வால்வையும் ஆராய்தல் வேண்டும். எரிவாயு தொடர்பான எதையும், பிரிட்டனில் 2009 முதல் நடைமுறையில் உள்ள பதிவேட்டில் இடம்பெற்ற பணியாளரே தொடல் முறை.

தொலைவிலுள்ள அறைகள் மட்டும் குளிர்வது வேறு கதை. நீர் எளிய வழியையே நாடும். கொதிகலனுக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்கள் மிகுதியாகப் பருகிவிட, கடைசி அறைக்கு எஞ்சுவது சிறிதே. அருகிலுள்ளவற்றின் மறுமுனை வால்வைச் சிறிது சிறிதாக மூடி, தொலைவிலுள்ளதை நன்கு திறந்துவைத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் நீர் நிலைபெறக் காத்திருந்து, மீண்டும் தொட்டுப் பார்த்து, மீண்டும் சிறிது திருப்ப வேண்டும். செலவில்லாத வேலை; ஆனால் ஒரு பிற்பகல் முழுதும் அதிலேயே கழிந்துவிடும்.