குதிரையின் மேல் இருப்பது யார்? மாயா டெரனின் ஹைட்டிப் படச்சுருள்கள்

ஹைட்டியின் வூடூச் சடங்குகளில் தெய்வம் ஒருவர்மேல் இறங்குவதைக் கிரியோல் மொழி குதிரையேற்றமாகக் காண்கிறது. அங்கே தெய்வத்துக்கு ‘லுவா’ என்று பெயர். லுவா ஏறுகிறது, ஏறப்பட்ட மனிதர் அதன் ‘குதிரை’. அதன்பின் அந்த வாயிலிருந்து வரும் ‘நான்’ என்ற சொல் லுவாவையே குறிக்கும். உடலுக்கு உரியவரோ ‘என் குதிரை’ எனப் படர்க்கைக்குத் தள்ளப்படுவார். நடந்தது எதுவும் குதிரைக்குப் பிறகு நினைவிருக்காது என்பதால், அதனிடம் சொல்ல வேண்டியதைச் சுற்றி நிற்பவர்களிடம் லுவா சொல்லிவிட்டுப் போவதுண்டு. ஜமைக்காவிலும் ஹைட்டியிலும் களப்பணி செய்த ஜோரா நீல் ஹர்ஸ்டன், 1938இல் வந்த தம் நூலுக்கு ‘என் குதிரையிடம் சொல்’ என்று பெயரிட்டது இவ்வழக்கிலிருந்துதான்.

ஓர் உடலுக்குள் தன்மையிடம் இவ்வாறு கைமாறுவதைக் கேமரா பதிவுசெய்ய முடியுமா? இந்தக் கேள்வியை மாயா டெரனைப் போல விலை கொடுத்துச் சந்தித்தவர்கள் குறைவு.

1917இல் கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டெரன், மானிடவியலாளராகப் பயிற்சி பெற்றவர் அல்லர். பரிசோதனைத் திரைப்படக் கலைஞர். ஹைட்டியின் நடனங்களை ஆராய்ந்த கேத்தரின் டன்ஹாமிடம் சில காலம் பணியாற்றியவர். 1946இல் கூகன்ஹைம் நல்கை பெற்று மறு ஆண்டு ஹைட்டி சென்றபோது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஹைட்டியின் நடனம், பாலித்தீவின் சடங்கு, குழந்தைகளின் விளையாட்டு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஒரு கலைப்படம் செய்ய வேண்டும் என்பதே அது. நடனத்தை அதன் சடங்கிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதை அங்கு போன பிறகே உணர்ந்தார். கலைஞராகத் தொடங்கிய தாம், அந்த உலகின் ஒழுங்குக்குப் பணிந்து அதைப் பதிவுசெய்பவராக மாற நேர்ந்ததை 1953இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதற்கிடையே அவர் எடுத்த படச்சுருள் ஏறத்தாழ 18,000 அடி. அவர் கையாண்ட போலெக்ஸ் கேமரா சாவி கொடுத்து இயக்கப்படுவது; ஒருமுறை முறுக்கினால் அரை நிமிட அளவே ஓடும். இரவு முழுவதும் நீளும் சடங்கு அதற்கு அரை நிமிடத் துண்டுகளாகவே கிடைக்கும். அதற்குக் காதும் கிடையாது. ஒலியை வேறொரு கருவியில்தான் பதிய வேண்டும். ஆகவே படத்தில் உடல் அதிர்வதும், கண்கள் செருகுவதும், நடை மாறுவதும் தெரிகின்றன. ‘நான்’ என்று சொல்வது யார் என்பது மட்டும் தெரிவதில்லை. கேமரா குதிரையைக் காண்கிறது, ஏறியவரைக் காண்பதில்லை.

எழுத்தும் இதே இடத்தில்தான் நின்றுபோகிறது. டெரனும் ஒருமுறை குதிரையானார்; அவர்மேல் ஏறியது காதலின் லுவாவான எர்சூலி. நூலின் இறுதி இயல் அந்த அனுபவத்தை நெருக்கமாகப் பின்தொடர்ந்து, தன்னுணர்வு அகலும் கணத்தில் முறிந்து, விழிப்பில் மீண்டும் தொடங்குகிறது. இடையில் நடந்ததைச் சொல்ல ‘நான்’ அங்கே இல்லை. அந்த இடைவெளியை அவர் கற்பனையால் நிரப்பவில்லை. இந்த நேர்மைதான் நூலின் வலிமை.

படத்தை அவர் முடிக்கவேயில்லை. 1961இல், 44 வயதில் இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், அவருடைய கணவர் டெய்ஜி இட்டோவும் செரல் இட்டோவும் அச்சுருள்களைத் தொகுத்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படமாக்கினர். டெரனின் நூலைத் தழுவிய விளக்கவுரை பின்னணிக் குரலாகச் சேர்க்கப்பட்டது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இன்று பலருக்கு அக்காட்சிகளே கிடைத்திரா. ஆனாலும், யார் பேசுகிறார் என்பதே சடங்கின் மையமாக இருக்கும் இடத்தில், பேசும் உரிமை மூன்றாவது ஒரு குரலுக்குப் போய்விட்டது. இன்று வகுப்பறைகளில் திரையிடப்படுவது அந்தக் குரலோடு கூடிய படமே.

இது அழகியல் சிக்கல் மட்டுமன்று. டெரன் சென்று இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1940களின் தொடக்கத்தில், கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையுடன் நடத்திய ஒழிப்பு இயக்கத்தில் வூடூ முரசுகளும் வழிபாட்டுப் பொருள்களும் எரிக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 1932இல், ‘ஒயிட் ஸாம்பி’ போன்ற ஹாலிவுட் படங்கள் அச்சமயத்தைப் பேய்க்கதையாக்கி விற்றிருந்தன. இத்தகைய காலத்தில் ஒரு கேமராவைத் தங்கள் முற்றத்துக்குள் அனுமதித்த மக்கள் அளித்தது வெறும் காட்சியன்று, நம்பிக்கை.

லுவாவை வரவேற்க, தரையில் சோளமாவால் ‘வேவே’ என்னும் கோலம் வரையப்படும். ஆடுவோரின் கால்களால் அது அன்றே அழிய வேண்டும். அழிவதும் சடங்கின் பகுதியே. படச்சுருளோ எதையும் அழியவிடுவதில்லை. அந்தச் சுருளைத் திறக்கும் ஆய்வாளர், ‘இது எதைக் காட்டுகிறது?’ என்று கேட்பதற்கு முன் ‘இங்கே யார் பேசிக்கொண்டிருந்தார்?’ என்று கேட்பது நலம். விடை தெரியாத இடத்தை டெரன் வெற்றிடமாகவே விட்டார். அவ்வாறு விடுவதும் ஆய்வுதான்.