தலைக்கு மேல் ஒரு பெயர்

சரித்திர நாவல் எழுதுகிறவனோடு மாமல்லபுரம் போகிற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, இதில் சிவகாமி எந்தச் சிற்பம்?" சிவகாமி, கல்கி படைத்த கற்பனைப் பெண். ஆனாலும் அந்தக் கடற்கரையில் அவளைத் தேடாதவர் குறைவு. என் தொழிலுக்கு இது பெருமைதான். இருந்தாலும், உண்மையாக வாழ்ந்த ராணிகள் நால்வர் அங்கேயே நிற்கிறார்களே, அவர்களை யாரும் விசாரிப்பதில்லையே என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

குன்றின் மேற்குப் பக்கத்தில் ஆதிவராகர் குகை இருக்கிறது. உள்ளே ஒரு சுவரில் ராஜா ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். இருபுறமும் இரு ராணிகள் நிற்கிறார்கள். எதிரே இன்னொரு ராஜா, ஒரு ராணியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார், உடன் மற்றொருத்தி. ராஜாக்களின் தலைக்கு மேல் 'சிம்மவிண்ண போத்ராதிராஜன்', 'மகேந்திர போத்ராதிராஜன்' என்று பெயர் வெட்டியிருக்கிறது. எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ராணிகளைப் பற்றி வாதாடவும் வழியில்லை. அவர்கள் தலைக்கு மேலே வெறும் கல்தான்.

பெயரோடு ஒரு பல்லவ ராணியைப் பார்க்க வேண்டுமானால், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போக வேண்டும்.

அங்கே கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் பணியே. தன் விருதுப் பெயர்களில் அவனுக்கு அலாதி ஆசை. கைலாசநாதரைச் சுற்றி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களை வெட்டி வைத்திருக்கிறான்!

கோயிலுக்கு முன்னால் எட்டுச் சிறு சன்னிதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1890-ல் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அதை அச்சிட்டார். சிவனுக்குப் பார்வதி எப்படியோ அப்படிக் காலகாலன் என்ற அரசனுக்குப் பிரியமானவள், பெண்குலத்துக்கே பதாகை போன்றவள் என்றெல்லாம் அது ஒருத்தியைப் புகழ்கிறது. காலகாலன் என்பதும் ராஜசிம்மனின் பட்டமே. அவள் பெயர் ரங்கபதாகை. பதாகை என்றால் கொடி. புலவர் பெயரை வைத்தே சிலேடை பண்ணியிருக்கிறார்.

அரண்மனைப் புலவர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. புகழ்ச்சியை எடுத்துவிட்டால் அவள் எந்த ஊர்ப் பெண், என்ன நிறம், சிரித்தவளா அழுதவளா, ஒன்றும் தெரியாது. மிஞ்சுவது ஒரே செய்தி: இந்தச் சன்னிதியை அவள் கட்டுவித்தாள்.

அது சிறிய செய்தியா? கணவனின் மாபெரும் கோயிலுக்கு எதிரே, அதன் வாசலிலேயே, தனக்கென்று ஒரு சிறு கோயில். கணவனுக்கு இருநூற்றைம்பது பெயர், அவளுக்கு ஒன்று. அந்த ஒன்று போதுமென்று நினைத்தாள் போலிருக்கிறது.

பிறகு சாளுக்கிய விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் புகுந்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். கொள்ளையிடாமல் கடவுளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்தும் வைத்தான். அவன் காஞ்சியை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் பெரிய கோயில் எழுப்பியவளும் ஒரு பெண்தான்: அவன் ராணி லோகமகாதேவி. வென்ற நாட்டிலும் தோற்ற நாட்டிலும் ராணிகளுக்குத் தங்கள் பெயரை நிறுத்தக் கிடைத்த இடம் கோயில்தான்.

ஆதிவராகர் குகை ராணிகளுக்கு என்றாவது நான் பெயர் வைத்து, சக்களத்திச் சண்டை மூட்டி, ஐம்பது அத்தியாயம் எழுதினாலும் எழுதுவேன். கேட்பார் இல்லை. ரங்கபதாகையிடம் அந்தத் துணிச்சல் எனக்கு வருவதில்லை. சொல்ல வேண்டியதை அவளே கல்லில் சொல்லிவிட்டாள்.