கந்தக பூமியில் ஜாதிபத்திரி வாசனை

விருதுநகரில் என்ன விளைகிறது என்று யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுற்றிலும் கரிசல் காடு. மழை வந்தால் பருத்தி, கம்பு, சோளம், வராவிட்டால் பெருமூச்சு. ஆனால், என்ன விற்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்! பட்டியலைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஏற வேண்டிய ரயில் போய்விடும். பருப்பு வகைகள், மிளகாய் வற்றல், மல்லி, ஏலக்காய், காப்பிக் கொட்டை, எண்ணெய்... மலையில் விளைந்ததும் கடல் தாண்டி வந்ததும் மூட்டை மூட்டையாக இந்தக் காய்ந்த ஊரில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 1923 வரை விருதுபட்டி என்ற பெயரோடு இருந்த ஊர் இது. காமராஜர் 1903ல் பிறந்ததும் இங்கேதான். இன்று இங்கே என்ன விலை என்று தெரிந்துகொண்ட பிறகே பல ஊர் வியாபாரிகள் தங்கள் விலையைச் சொல்லுகிறார்கள்.

சரக்குகள் இங்கே வந்து சேர்ந்ததற்கு வியாபாரிகளின் சாமர்த்தியம் ஒரு காரணம். ரயில் இன்னொன்று. மூன்றாவது காரணம் வெயில். மிளகாயும் ஏலக்காயும் பூசணம் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. எதையும் சுலபமாக விளைய விடாத இந்த வெயில், வேறெங்கோ விளைந்ததை மட்டும் கெடாமல் பார்த்துக்கொள்ளுகிறது. நல்ல வேடிக்கைதான்!

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் ஏறி, ஜாதிபத்திரி வேண்டும் என்றேன்.

"பிரியாணிக்காம்மா, மருந்துக்கா?" என்றார் கடை அண்ணாச்சி.

"கேக்குக்கு."

அவர் ஆச்சரியப்படவில்லை. "டிசம்பர் பிறந்தா சாட்சியாபுரத்துப் பக்கமிருந்து சில அம்மாமாருங்க வந்து கேக்குக்குன்னு கேட்டு வாங்குவாங்க. முன்னே நிறையப் பேரு. இப்போ நாலைஞ்சு பேருதான்" என்றபடி ஒரு டப்பாவைத் திறந்தார். கடை முழுவதும் நிறைந்திருந்த மிளகாய் நெடியை விலக்கிக்கொண்டு வேறொரு வாசனை எழுந்தது.

ஜாதிக்காயை அறியாத தாய்மார்கள் இருக்க மாட்டார்கள். குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், மாசிக்காயோடு அதையும் கல்லில் ஓர் இழை இழைப்போம். அந்த ஜாதிக்காயின் மேலே சிவப்பு வலை பின்னியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சதைதான் ஜாதிபத்திரி. ஒரே கனியில் இரண்டு சரக்கு! பழம் வெடிக்கும்போது பார்த்தால் குங்குமச் சிவப்பு. காயக் காய மஞ்சள் கலந்த தவிட்டு நிறம். காய் நிறையக் கிடைக்கும்; பத்திரி எடையில் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். அதனால் விலையும் எப்போதும் ஒரு படி மேலே.

"தூளா வாங்காதீங்க, இதழா வாங்குங்க" என்று அண்ணாச்சி எச்சரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதே ஜாதியில் ஒரு காட்டு மரம் உண்டு. அதன் பத்திரிக்கு ராம்பத்திரி என்று பெயர். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வாசனை மட்டும் இருக்காது. தூளாகிவிட்டால் எது எது என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா? நல்ல ஜாதிபத்திரியை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும்.

இந்தச் சிறு இதழுக்காக உலகத்தில் நடந்த அக்கிரமங்கள் கொஞ்சநஞ்சமல்ல. இது முதலில் விளைந்தது இந்தோனேஷியாவின் கிழக்கே உள்ள பாண்டாத் தீவுகளில் மட்டுமே. 1621ல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்தபோது, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தார்கள். அதே கூட்டத்தில் ஒரு துளித் தீவு, ரன் என்று பெயர். அதன்மேல் ஆங்கிலேயர் உரிமை கொண்டாடினார்கள். கடைசியில் 1667ல் பிரெடா உடன்படிக்கையில் அந்தத் தீவு டச்சுக்காரருக்கு என்றும், அமெரிக்காவில் டச்சுக்காரர் இழந்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்றும் முடிவாயிற்று. இன்றைய நியூயார்க்கின் நடுநாயகத்தை விட்டுக்கொடுத்து ஜாதிக்காய்த் தீவை வைத்துக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பிறகு ஆங்கிலேயர் 1796ல் பாண்டாவைப் பிடித்துக் கன்றுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1800ஆம் ஆண்டை ஒட்டி நம் குற்றாலத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வாசனைத் தோட்டம் போட்டது. விருதுநகரிலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகப் போனால் சில மணி நேரப் பிரயாணந்தான். அந்த மலைச் சாரலின் ஈரம் இந்த மரத்துக்குப் பிடித்திருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் இப்போது வீட்டுத் தோட்டங்களில்கூட ஜாதிக்காய் மரம் சகஜம். ஈரத்தில் பிறந்தது வெயிலில் உலர்ந்து, விருதுநகர் டப்பாவுக்குள் வருகிறது.

கேக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பழைய காலத்து ஆங்கிலேயர் வீட்டுக் கேக்குகளில் ஜாதிபத்திரிதான் முக்கியமான வாசனைகளில் ஒன்று. 1874ல் ஜெர்மனியில் இரண்டு ரசாயனக்காரர்கள் வெனிலா வாசனையைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு சிறு சீசா போதும், இரண்டு சொட்டுப் போதும் என்று ஆயிற்று. ஜாதிபத்திரி மெல்ல மெல்லப் பின்கட்டுக்குப் போய்விட்டது. மிஷன் பங்களாக்களிலிருந்து கேக் கற்றுக்கொண்ட தென் ஜில்லாக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

அப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். திருத்தங்கல் பெருமாள் கோயில் குன்றைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. பொட்டலில் தூரத் தூரமாகச் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்ப மரங்கள். பட்டாசுத் தொழிற்சாலைகள், ஊர் பாஷையில் 'பயர் ஆபீஸ்'. 1922ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பட்டாசு, பட்டாசு லேபிளிலிருந்து அச்சகம் என்று வளர்ந்தது ஊர். இதற்கும் ஆதாரம் அதே வறண்ட காற்றுத்தான். வெடி மருந்து நமத்துப் போகாது.

சாட்சியாபுரம் சிவகாசியை ஒட்டிய மிஷன் ஊர். கேம்பிரிட்ஜில் படித்த ராக்லண்டு என்ற பாதிரியார் 1854 முதல் இந்த வட்டாரத்தில் கூடாரம் கூடாரமாகச் சுற்றி, 1858ல் சிவகாசியிலேயே காலமானார். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் பள்ளிக்கூடங்களும் கோயிலும் இங்கே இருக்கின்றன.

நான் தேடிப் போன அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் பயர் ஆபீஸில் சரவெடி பின்னியவர். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் பல மாதம் திறக்கவேயில்லை.

"விரலு மட்டும் தன்னாலே பின்னிக்கிட்டே இருக்கும்மா, தூக்கத்திலேகூட" என்றார். "அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கையிலே காசு இல்லே. எங்க ஆத்தா சொல்லிக் கொடுத்த கேக்கைப் போட்டு நாலு வீட்டிலே கொடுத்துப் பார்த்தேன். அப்படியே பிடிச்சுக்கிச்சு."

சாதாரணமாகவே தீபாவளி முடிந்தால் இங்கே வேலை மந்தம். போனஸ் பணம் கரைந்து, ஆலை மறுபடி சூடு பிடிக்காத நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. அதனால் அந்த மாதக் கேக் வருமானம் சின்னதானாலும் வீட்டுக்குப் பெரிது.

அடுப்பைப் பார்த்தேன். கனமான பழைய அண்டா. அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். கீழே விறகுத் தணல், மூடியின்மேல் கரித்தணல். மருமகள் மின்சார அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அது ஆர்டர் அதிகமானால் மட்டும். தணலை அந்த அம்மாள் தொடும் விதத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பொறி பறக்கவில்லை. கரித்துண்டைக் குறட்டால் வைக்கிறார், போடுவதில்லை. சமையற்கட்டில் அவர் இருக்கும்போது யாரும் குறுக்கே ஓடக் கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இரும்பு உரசக் கூடாது, மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டங்களோடு வாழ்ந்தவர் அல்லவா? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பேச்சு வந்தபோது அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். நானும் பேச்சை மாற்றினேன்.

செய்முறை இதுதான்: மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் கால் கிலோ; முட்டை ஐந்து; பேக்கிங் பவுடர் ஒரு டீ ஸ்பூன்; ஒரு சிட்டிகை உப்பு. ஜாதிபத்திரித் தூள் அரை டீ ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கூடினால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. பத்திரியில் எண்ணெய் இருப்பதால் தனியாக அரைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்து அரைத்துச் சலிக்க வேண்டும். வெண்ணெயையும் மீதிச் சர்க்கரையையும் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை ஒரே பக்கமாகக் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவைப் பவுடர், உப்பு, பத்திரித் தூளோடு சலித்து மெதுவாகக் கலந்துவிடவும். மணலை முதலில் இருபது நிமிஷம் சூடாக்கி, அதன்மேல் வெண்ணெய் தடவிக் காகிதம் போட்ட டின்னை வைத்தால், முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் வெந்துவிடும். அரை மணி வரை மூடியைத் திறக்கக் கூடாது. அன்றே வெட்டவும் கூடாது. ஒரு ராத்திரி மூடி வைத்தால்தான் வாசனை உள்ளே இறங்குகிறது. நான் முதல் நாள் துண்டையும் மறுநாள் துண்டையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டாவது துண்டுக்கே என் ஓட்டு.

மருமகளுக்கு இதில் ஒரு மனத்தாங்கல். "ஜாதிபத்திரி விலைக்கு எஸென்ஸ் எத்தனை சீசா வாங்கலாம்! கேக்கிறவங்களும் கடையிலே உள்ள மாதிரி வாசமா, கிரீம் வச்சுத்தான் கேக்குறாங்க" என்றார். சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுகிறவர் அவர்தான். மாமியார் எதிர்வாதம் செய்யவில்லை. "உன் டின்னிலே நீ எதை வேணும்னாலும் ஊத்து தாயி. என் டின்னிலே பத்திரிதான்" என்று முடித்துவிட்டார். இப்போது அந்த வீட்டில் இரண்டு வகைக் கேக் வேகிறது. எஸென்ஸ் கேக்குக்கு ஆர்டர் அதிகம். பத்திரிக் கேக் வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால், ஒரு வருஷம் வாங்கியவர்கள் மறு வருஷமும் வந்துவிடுகிறார்களாம்.

அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள் மூன்றில் வேறு வேறு பெயர்கள் பொறித்திருந்தன. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் முறுக்கும் அதிரசமும் வைத்து அனுப்பிய தட்டுகள். வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லையே! ஆகவே கிறிஸ்துமஸ்வரை அவை இங்கேயே இருந்துவிடும். இரண்டு தட்டுகளில் பத்திரிக் கேக்கை அடுக்கினார். மூன்றாவது வீட்டார் முட்டை சேர்க்க மாட்டார்கள். அதற்குச் சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் கற்கண்டும். பேரன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"ஏலே, நடந்து போ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.