அட்டைப்பட ஜோக்

போடிமெட்டில் மாமாவின் டீக்கடைக்கு ஆனந்த விகடன் போடியிலிருந்து பஸ்ஸில்தான் வரும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அது வந்து சேர்வதற்குள் கண்டக்டர் அட்டை முதல் அட்டை வரை படித்திருப்பார். முழுப் பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிற எனக்கு அதற்கப்புறம்தான் முறை.

உள்ளே மதனின் ரெட்டைவால் ரெங்குடு இருந்தாலும் எனக்கு முதலில் அட்டைதான். கலரில் தீட்டிய ஒரு ஜோக் இருக்கும். தொப்பை மேனேஜர், கத்தியோடு நிற்கும் டாக்டர், பூரிக்கட்டையோடு மனைவி. மெட்ராஸைப் பார்த்திராத எனக்கு மெட்ராஸ் என்றால் அவர்கள்தான்.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ இருந்தது. விகடனில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அவள் பைண்டு செய்து வைத்தது. கதைக்குக் கோபுலு வரைந்த படங்களைப் பார்ப்பேன். பக்கத்தின் மறுபுறம் அச்சாகியிருந்த ஜோக்குகளை அதைவிட உன்னிப்பாகப் பார்ப்பேன். பைண்டர் ஓரத்தைச் சீவியதில் சிலவற்றுக்கு வசனம் போயிருக்கும், படம் மட்டும் நிற்கும். வாய் பிளந்து நிற்கிற குமாஸ்தா என்ன சொல்கிறார் என்பதை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். “கதையை விட்டுட்டு ஓரத்தைப் படிக்கிறான் பாரு” என்பாள் அத்தை.

அவளுக்கும் அந்தக் கண் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் கடைவாசலில் நிற்கும். உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியாது. பின்னால் ஒற்றைக் காலில் தொங்குகிறவர், தன் தூக்குவாளியை உள்ளே இருப்பவர் மடியில் பத்திரமாகக் கொடுத்து வைத்திருப்பார். “இதையெல்லாம் கோபுலு வந்து போடணும்டா.”

1987 மார்ச் 29 இதழும் அப்படித்தான் பஸ் ஏறி வந்தது. அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். மாமா சிரித்துவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் ரேடியோவில் செய்தி. அந்த ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்துவிட்டது. ஜீப் டிரைவர்கள், செக்போஸ்ட்காரர்கள் எல்லோரும் வந்து, “அண்ணே, அந்தப் புக்கு இருக்கா?” என்றார்கள். எங்கே இருக்கும்? அத்தை அதில் பருப்பு வடை மடித்துக் கொடுத்தாயிற்று. எம்.எல்.ஏ.வும் மந்திரியும் பூப்பாறைப் பக்கம் எவர் கையிலோ எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார்களையும் டாக்டர்களையும் அதே அட்டையில் வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் சபையைக் கூட்டித் தண்டனை கொடுத்ததில்லை.

நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதில் ஆசிரியரை ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு 1,000 ரூபாய்.