கதவைச் சாத்திய பவளம்

கட்டாரில் வேலை செய்யும் நானா புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். விடுமுறைக்குப் போன எனக்கு அதில் பிடித்தது, காளான்போல் குடை விரிக்கும் தோல் பவளம். குடைமேல் தெரிபவை பூக்களல்ல. எட்டெட்டுக் கைகள் கொண்ட சிற்றுயிர்கள். நான்காம் நாள் அத்தனையும் உள்ளே போய்விட்டன.

நானா கடைக்குப் போய் மருந்துப் போத்தல் வாங்கக் கிளம்பினார். "முதலில் தண்ணீரை அளப்போம் நானா" என்றேன். அமோனியா பூச்சியம், நைத்திரைற்றும் பூச்சியம். உப்புத்தான் ஆயிரத்துக்கு 35 இருக்கவேண்டிய இடத்தில் 39! இரவுபகலாக ஏசி ஓடும் அறை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த நீரை நானா மறுபடி உப்புநீராலேயே நிரப்பி வந்திருக்கிறார்.

நன்னீரை ஒரேயடியாக ஊற்றவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நாளில் 35. விளக்கையும் குறைப்போமா என்றார். வேண்டாமென்றேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணமென்று எப்படித் தெரியும்?

உப்புச் சரியான பின்னும் பவளம் திறக்கவில்லை. மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு. "மௌத்தாப் போச்சு" என்றார் மதினி. மணந்து பார்த்தேன், அழுகல் வாடை இல்லை. தோல் பவளம் இடைக்கிடை மேற்படலத்தை உரிக்குமாம். அந்த நாட்களில் இப்படித்தான் சுருங்கி நிற்குமாம். நீரோட்டம் படும்படி பம்பைச் சற்றுத் திருப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் படலம் கிழிந்து மிதந்தது. அடியில் ஒன்றிரண்டு கைகள் எட்டிப் பார்த்தன. மூடியது உப்பினாலா, உரிப்பதற்காகவா? நானாவுக்கும் எனக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை.