காகாவின் ஊர்

தலைவர் பதவி வேண்டாம் என்று சொல்லுவதற்கு நல்ல காரணம் ஒன்றைத் தேடிக் கொண்டிருந்த சமயத்தில்தான் நான் ஆனந்துக்குப் போக நேர்ந்தது.

விஷயம் இதுதான். எங்கள் சிற்றூரில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் அரிசியும் பருப்பும் நியாய விலையில் அளந்த கடை. சில வருஷங்களாகக் கணக்கில் ஓட்டை, அங்கத்தினர்களிடையே கட்சி, அலமாரிகளில் தூசி. “தாங்கள் தலைமை ஏற்றால்தான் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் சித்திரையோடு பூட்டிவிட வேண்டியதுதான்” என்று ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட்ட கடிதம் என் சட்டைப் பையில் கனத்துக் கொண்டிருந்தது. நானோ பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவன். துவரம் பருப்புக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் சாம்பாரோடு சரி.

மும்பையில் மருமகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இந்தச் சங்கடத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். “பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆனந்துக்குப் போய்விட்டு வாருங்கள். சிறைக்குப் போன தேசத் தொண்டர் ஒருவர் நடத்திக் காட்டிய வியாபாரம் அங்கே இருக்கிறது” என்றார். மறுநாள் காலை ரயில் ஏறிவிட்டேன்.

மும்பையிலிருந்து ஆனந்து ஏறக்குறைய 430 கிலோ மீட்டர். ஆமதாபாத் போகும் பாதையில், வடோதராவைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறுகிறது. சரோதர் என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். புகையிலையும் வாழையும் செழித்து நிற்கும் நல்ல மண். வரப்போரங்களில் எருமைகள், உலகத்தில் தங்களுக்கு அவசர காரியம் ஒன்றுமில்லை என்ற தோரணையில் அசை போடுகின்றன. ஆனால் அவற்றின் பாலுக்கு அவசரம் உண்டு. கறந்த சில மணி நேரத்துக்குள் வழி பண்ணாவிட்டால் திரிந்து போகும். திரிந்து போகும் சரக்கை வைத்திருப்பவன் பேரம் பேச முடியாது. குடியானவனுடைய இந்தப் பலவீனத்தின் மேல்தான் ஒரு காலத்தில் இந்த ஜில்லாவின் பால் வியாபாரம் முழுவதும் நின்றது.

1945-இல் பம்பாய் சர்க்கார் நகரத்துக்குப் பால் கொண்டு போக ஒரு திட்டம் வகுத்தார்கள். ஆனந்தில் பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமை பால்சன் கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனிக்கு லாபம், நடுவிலிருந்த தரகர்களுக்கு லாபம், எருமைக்குப் புல் அறுத்தவனுக்கு மட்டும் பழைய விலைதான். குடியானவர்கள் ஸர்தார் படேலிடம் போய் முறையிட்டார்கள். ஆனந்துக்குப் பக்கத்திலுள்ள கரம்சத் அவருடைய சொந்த ஊர். அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. “நீங்களே சங்கம் அமைத்து, நீங்களே பாலை விற்றுக் கொள்ளுங்கள். அதற்குச் சர்க்கார் இணங்காவிட்டால் பாலை ஒருவருக்கும் கொடாதீர்கள். அதனால் வரும் நஷ்டத்தைத் தாங்குவீர்களா?” என்னும் கருத்துப்படக் கேட்டார். தாங்குவோம் என்றார்கள்.

1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் ஸ்ரீ மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் கூடியது. கிராமத்துக்கு ஒரு சங்கம், சங்கங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு யூனியன் என்று தீர்மானமாயிற்று. சர்க்கார் மறுத்தார்கள். பதினைந்து நாள் ஜில்லாவிலிருந்து பம்பாய்க்குப் பால் போகவில்லை. பதினைந்தாம் நாள் சர்க்கார் இறங்கி வந்தார்கள். அந்த வருஷமே டிசம்பர் 14-ஆம் தேதி கேடா ஜில்லா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பதிவாயிற்று. பிற்காலத்தில் ‘அமுல்’ என்று நாட்டின் சமையலறைகளிலெல்லாம் புகுந்த ஸ்தாபனம் இதுதான்.

அதன் முதல் தலைவர் ஸ்ரீ திரிபுவன்தாஸ் படேல். 1903-இல் பிறந்தவர்; 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். ஜில்லாவில் ஜனங்கள் அவரைக் ‘காகா’ என்று அழைத்தார்கள். இதைக் கேட்டதும் நேயர்களுக்குக் காக்கை ஞாபகம் வந்தால் அது தமிழின் குற்றம். குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா.

ஆனந்திலுள்ள பெரிய தொழிற்சாலையைப் பார்த்தேன். பளபளக்கும் எஃகுக் குழாய்களையும் ஆளுயரப் பாத்திரங்களையும் கண்டு பிரமித்தேன். ஆனால் எனக்கு வேண்டிய பாடம் அங்கே அகப்படவில்லை. அது அன்று மாலை ஒரு கிராமத்துச் சங்கத்தின் வாசலில் கிடைத்தது.

சின்னக் கட்டடம். அதன் முன்னே தூக்குப் பாத்திரங்களோடு வரிசையாக ஜனங்கள். இருபது எருமைக்காரரும் ஒற்றை எருமைக்காரியும் ஒரே வரிசை. முன்னே வந்தவர் முன்னே; ஜாதிக்கென்று தனி வரிசை கிடையாது. ஒவ்வொருவருடைய பாலிலும் துளி எடுத்து இயந்திரத்தில் வைக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு என்று எண் விழுகிறது. அளவு, தரம், தொகை மூன்றும் அச்சடித்த சீட்டு கைக்கு வருகிறது. ஒரு மூதாட்டி சீட்டை வாங்கிக் கண்ணுக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சங்கத்தின் காரியதரிசி இந்தியில் நிதானமாகப் பேசினார். “பாய்! பாலில் தண்ணீர் சேர்த்தால் இந்த இயந்திரம் காட்டிக் கொடுத்துவிடும். நாங்கள் கணக்கில் தண்ணீர் சேர்த்தால் அந்தச் சீட்டு காட்டிக் கொடுத்துவிடும்” என்றார்.

“தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?” என்று கேட்டேன்.

“எத்தனை எருமை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வோட்டு” என்றார்.

எங்கள் பண்டகசாலையின் கணக்குப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

சங்கத்தில் ஒரு குறையும் கண்டேன். புல் வெட்டிக் கறந்து சுமந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகள். அங்கத்தினர் புத்தகத்திலோ பல வீடுகளில் புருஷனுடைய பெயர்தான். காரியதரிசியிடம் சொன்னேன். “மாறி வருகிறது, பாய், ஆனால் மெதுவாக” என்று ஒப்புக் கொண்டார்.

காகா செய்த காரியங்களில் பெரியது எது என்று கேட்டால், ஊர் ஊராக நடந்து சங்கங்களை அமைத்ததை முதலில் சொல்லலாம். 1948-இல் இரண்டு கிராமங்கள், நாளொன்றுக்கு 247 லிட்டர் பால், இவ்வளவுதான் ஆரம்பம். என் மனத்தைக் கவர்ந்ததோ மற்றொரு காரியம்.

1949 மே மாதம் 13-ஆம் தேதி சர்க்கார் பாலாடைப் பண்ணையில் வேலை பார்க்க ஓர் இளைஞர் ஆனந்தில் வந்து இறங்கினார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்து, சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று திரும்பியவர். பெயர் வர்கீஸ் குரியன். மாமிசம் புசிக்கும் கிறிஸ்தவப் பிரம்மசாரிக்கு அந்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. பழைய மோட்டார்க் கொட்டகையில் குடியிருந்தார். எப்போது ஒப்பந்தம் தீரும், எப்போது ஓடலாம் என்று காத்திருந்தார். போதாதற்குப் பால் குடிப்பதே அவருக்குப் பிடிக்காது!

காகா இவரிடம் சங்கத்தின் பழைய இயந்திரங்களைக் காட்டி உதவி கேட்டார். இவை உதவா, புதிது வாங்குங்கள் என்றார் இளைஞர். காகா கடன் வாங்கிப் புதிது வாங்கினார். பிறகு, ஊருக்குப் புறப்படத் தயாராயிருந்தவரை நிறுத்தி, சங்கத்தின் நிர்வாகத்தையே ஒப்படைத்தார். அவருடைய மதம், பாஷை, ஆகாரம் ஒன்றையும் காகா தடையாகக் கொள்ளவில்லை. தமக்குத் தெரியாத வித்தை அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் கண்டார். குரியன் தம் நண்பர் ஸ்ரீ எச். எம். தலாயாவை வரவழைத்தார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொல்லிக் கொண்டிருக்கையில், தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கெட்டிக்காரரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகள் பலர் உண்டு. அமர்த்திய மறுநாளிலிருந்து அவர் கையைப் பிடித்து இழுப்பவர்களே அவர்களில் அதிகம். காகா குடியானவர்களின் சண்டை சச்சரவுகளையும் அரசியல்வாதிகளின் தொல்லைகளையும் தம் தோளில் தாங்கிக் கொண்டு, நிர்வாகத்தை நிர்வாகியிடம் விட்டார். அமுலை எழுப்பியவர் யார் என்றால் இன்று உலகம் குரியன் பெயரைச் சொல்கிறது. அதில் காகாவுக்குக் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அஜர்ப்புராவுக்குப் போனேன். 1964 அக்டோபரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, பரிவாரமில்லாமல் ஒரு குடியானவர் வீட்டில் இரவு தங்கிய கிராமம் அது. விடிய விடிய ஜனங்களோடு பேசிய சாஸ்திரிக்கு ஒரு சந்தேகம். மண்ணிலும் மழையிலும் இங்கே அதிசயம் ஒன்றுமில்லை. எருமைகளும் வடக்கத்தி எருமைகளைவிட உசத்தி அல்ல. பின்னே, மற்ற இடங்களில் தோற்ற காரியம் இங்கே ஜயித்தது எப்படி? குரியன் அளித்த விடையின் சாரம், இந்த ஸ்தாபனத்தின் சொந்தக்காரர்கள் குடியானவர்கள். நான் அவர்களுடைய சம்பளக்காரன் என்பதுதான். மறு வருஷமே தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. தலைமைக் காரியாலயம் டில்லியில் அல்ல, ஆனந்தில்.

இன்னுமொரு பாடம், பதவியை விடுவது. 1970-களின் தொடக்கத்தில் காகா தாமாகவே தலைமையிலிருந்து விலகினார். அங்கத்தினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் ஆறு லட்சம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. கிராமத்துத் தாய்மார், குழந்தைகளின் சுகாதாரத்துக்கென ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார். குரியனோ 1973 முதல் மாநில விற்பனைச் சம்மேளனத்தின் தலைமையிலிருந்து, 2006-இல் அங்கத்தினர் யூனியன்களின் தலைவர்களோடு மனத்தாங்கல் கொண்டு வெளியேறினார். அவர் செய்த சேவைக்கு அது தகுந்த முடிவல்ல. ஆயினும் சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்று தேசத்துக்குப் போதித்தவரும் அவரே அல்லவா? இருவரும் இன்று இல்லை; காகா 1994-இலும் குரியன் 2012-இலும் காலமானார்கள். இன்றும் சுமார் 36 லட்சம் குடும்பங்கள் அந்தச் சம்மேளனத்துக்குப் பால் ஊற்றி வருகின்றன.

திரும்பும் ரயிலில் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ‘தாங்கள் தலைமை ஏற்றால்தான் கடை பிழைக்கும்’ என்ற வாக்கியத்தின் பிழை இப்போது புரிந்தது. ஒருவர் வந்தால்தான் பிழைக்கும் கடை, அவர் போனால் செத்துவிடும்.

வடோதரா ஸ்டேஷனில் ஒரு தபால் கார்டு வாங்கி இப்படி எழுதினேன்: “தலைமை ஏற்கச் சம்மதம். மூன்று நிபந்தனைகள். தினசரி வரவு செலவு வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும். எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். வியாபாரம் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்; அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. மூன்று வருஷம் முடிந்ததும் நான் விலகுவேன், தடுக்கக் கூடாது.”

கார்டில் இடம் தீர்ந்துவிட்டது. துவரம் பருப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நேரில் சொல்லிக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.